பேச்சு வருமுன் கை வந்தது: உங்கள் வீட்டில் எப்படி?

மழைத்துளி:

என் மகளுக்கு இப்போது 14 மாதம். ஏழாவது மாதத்தில் மூன்றே மூன்று சைகைகளோடு தொடங்கினேன். விரல்களை மடக்கி விரித்தால் பால். இரு கைகளின் விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டினால் ‘இன்னும்’. கைகளை விரித்துத் திருப்பிக் காட்டினால் ‘போதும்’. பால் கொடுக்கும்போதெல்லாம் ‘பால்’ என்று வாயாலும் சொல்லி, கையையும் மடக்கி விரிப்பேன். இரண்டு மாதம் அவள் என் கையைப் பார்த்தாள், விரலைப் பிடித்துக் கடித்தாள், அவ்வளவுதான். செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒன்பதரை மாதத்தில் ஓர் இரவு அழுதபடி விழித்தாள். வலது கை காதருகே உயர்ந்து மடங்கி விரிந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுபடியும் மடங்கி விரிந்தது. உள்ளங்கை என்னைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரவு விளக்கில் பார்த்த அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பால் கொடுத்தேன். அழுகை நின்றது. எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு ‘இன்னும்’ வந்தது. நான் செய்வதைப் போல் அல்ல. ஒரு கையின் ஆள்காட்டி விரலால் மறு உள்ளங்கையைக் குத்துவாள். எதற்கெல்லாம் என்று கேட்காதீர்கள். மின்விசிறி நின்றால் குத்துவாள். பந்து கட்டிலுக்கு அடியில் போனால் குத்துவாள். ஒருநாள் தாத்தா தும்மினார். அவரைப் பார்த்துக் குத்தினாள். அவர் பொய்த் தும்மலாக ஒன்பது தும்ம வேண்டியதாயிற்று.

இப்போது பத்துப் பன்னிரண்டு சைகைகள் இருக்கின்றன. வாயில் ‘ம்மா’, ‘பா’ தவிர எதுவும் இல்லை. கை பேசினால் வாய் எதற்குப் பேசும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இரட்டையரின் அப்பா:

பயப்படாதீர்கள். அதேபோல, எதிர்பார்க்கவும் செய்யாதீர்கள். என் மனைவி கர்ப்பமாக இருந்தபோதே இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். சைகை கற்றுக்கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் பேசும், அறிவு கூடும் என்று அட்டைகளையும் வகுப்புகளையும் விற்பவர்கள் நிறையப் பேர். 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் கிர்க் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். சைகை கற்ற குழந்தைகள் பேச்சில் முந்தவில்லை; பிந்தவும் இல்லை. மாற்றம் தெரிந்தது அம்மாக்களிடம்தான். சைகை காட்டிய அம்மாக்கள் குழந்தையின் முகக்குறிப்பையும் உடலசைவையும் கூடுதலாகக் கவனித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றம். மேதைகளை வளர்க்கலாம் என்று கிளம்பியவன் அல்லவா!

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மூத்தவன் (நான்கு நிமிடம் மூத்தவன்) பத்தாவது மாதத்தில் ‘போதும்’ காட்டினான். இளையவன் ஒன்றும் காட்டவில்லை, நான் காட்டும்போது திரும்பிப் பார்க்கக்கூட மாட்டான். விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து இளையவனுக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான் விடாமல் கரண்டியை நீட்டினேன். பக்கத்து நாற்காலியிலிருந்து மூத்தவன் என்னைப் பார்த்து இரு கைகளையும் விரித்து ஆட்டினான். தம்பிக்காகப் ‘போதும்’ சொல்கிறான்! தம்பி அவனைப் பார்த்தான், பிறகு தானும் ஆட்டினான். நான் இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தது ஏறவில்லை. அண்ணன் ஒரு வேளைச் சாப்பாட்டில் கற்றுக்கொடுத்துவிட்டான்.

இரண்டு பேரும் ஒன்றரை வயதில் பேசத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லும் வாயில் திடமானதும் அதற்கான சைகை தானாக உதிர்ந்துவிட்டது. ‘இன்னும்’ மட்டும் இரண்டரை வயதுவரை இருந்தது, கெஞ்சும்போது மட்டும்.

சின்னக் கண்ணாடி:

எனக்கு ஒன்றே ஒன்று. வந்தவர்கள் முன்னால் ‘காட்டு, காட்டு, மாமாவுக்குக் காட்டு’ என்று செய்யச் சொல்லாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். மகன் மூன்று வாரம் எந்தச் சைகையும் காட்டாமல் இருந்துவிட்டான். வித்தை காட்டச் சொல்கிறோம் என்பது அவனுக்கு எப்படியோ புரிந்திருக்கிறது.

நான்கு வயதுக்காரனின் அம்மா:

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மழைத்துளி, உங்கள் மகளின் இரவுக் கதையைப் படித்து நானும் கண் கலங்கினேன். ஆனால் அதற்கு முந்தைய வரியில் சங்கு ஊதியிருக்கிறீர்கள். என் மகனுக்குக் காது கேட்காது. அந்தப் பழமொழியைச் சொல்லாத உறவினர் எங்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட. இப்போது கேட்டால் குத்துகிறது. உங்களைக் கடிந்துகொள்ள எழுதவில்லை. சொல்லாமல் போகவும் மனமில்லை.

அவனுக்குக் கேட்கவில்லை என்பது பதினோராவது மாதத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தால் திரும்புவானே, கேட்கிறது என்றுதான் இருந்தோம். கதவு திறக்கும்போது தரையில் விழும் வெளிச்சத்துக்குத் திரும்பியிருக்கிறான். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த மூன்றையும் தவறவிட்டவர்கள்.

உறுதியான பிறகு கிடைத்த முதல் அறிவுரை: ‘சைகை மட்டும் காட்டாதீர்கள், பேச்சு வராது, சோம்பேறியாகிவிடுவான்.’ எட்டு மாதம் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். அந்த அறிவுரைக்கு எவ்வளவு வயது என்பது பிறகுதான் தெரிந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடி, பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே மாநாட்டின் வழிவந்த கூட்டம் 2010இல் கனடாவின் வான்கூவரில் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள்! அந்த வருத்தம் எங்களுக்கு அறிவுரை சொன்னவரின் காதுக்கு எட்டவில்லை போலும்.

பிறகு காது கேளாத பெண்மணி ஒருவர் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் முதல் நாள் திருத்தியது என் விரல்களை அல்ல, என் அவசரத்தை. மகன் பொம்மைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைத் தட்டித் தட்டி ‘கார்’ காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். தானும் தரையில் படுத்தார். காருக்குப் பக்கத்திலேயே, அவன் கண் எங்கே இருந்ததோ அங்கேயே, தன் கையைக் கொண்டுபோய் மெதுவாகச் செய்தார். பிறகு காரை எடுத்துத் தன் கன்னத்தோரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் கண் காரைத் தொடர்ந்து வந்து அவர் முகத்தில் நின்றது. அப்போது மறுபடி செய்தார். கேட்கும் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டே நம் குரலைக் கேட்கும். என் மகனுக்குப் பொம்மையும் கண்ணுக்குத்தான், சொல்லும் கண்ணுக்குத்தான். ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று.

இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். சைகை மொழி என்பது நம் பேச்சைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல. அதற்கென்று இலக்கணம் உண்டு. ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். நான் கல் முகத்தோடு கையை மட்டும் ஆட்டியபோது அவன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாட்டுக்கு நாடு சைகை மொழி வேறு. அமெரிக்கருக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் பேச்சு ஆங்கிலம்தான், ஆனால் அவர்களுடைய சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. குழந்தைகளுக்கான சைகை அட்டைகளில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்கச் சைகைகள். கேட்கும் குழந்தைக்கு எதைக் காட்டினாலும் பரவாயில்லை, நீங்களே கற்பனை செய்தாலும் சரி. ஒரு வருடத்தில் உதிரப் போகிறது. கேளாத குழந்தைக்கு அவன் நாட்டுக் காதுகேளாதோர் பேசும் மொழி வேண்டும். பத்துச் சொல் போதாது. சண்டை போட, பொய் சொல்ல, நேற்று நடந்ததைச் சொல்ல முழு மொழி வேண்டும்.

மூன்று வயதில் ஒரு மாலை சமையலறைக்கு வந்து என் துணியை இழுத்தான். ‘நாய்’ என்றான். எங்கே என்றேன். ‘முடிந்தது’ என்று காட்டினான். பிறகு, பெரிது, ஓடியது, அப்பா பயந்தார். கடைசிச் செய்தியை இரண்டு முறை சொன்னான். காலையில் நடந்ததாம், அப்பா என்னிடம் மறைத்துவிட்டார்.

கூடுதல் சேதி: காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் எங்களைப் போன்ற கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். பிள்ளையோடு சேர்ந்து நாங்களும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறோம். அதனால் பிழையோடு பேசுகிறேனே என்று நின்றுவிடாதீர்கள்.

விளக்கை அணைப்பவள்:

நான் மறுபக்கத்துக்காரி. அம்மா, அப்பா இருவருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும். என் முதல் சொல் கையால் வந்தது என்று அம்மா சொல்வார். வாய்ப்பேச்சும் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் வயதிலேயே வந்தது. வீட்டில் தாத்தா பாட்டி பேசிக்கொண்டே இருந்தார்கள், அது போதுமாக இருந்தது. ஆகவே மழைத்துளி, கையும் பேசுங்கள், வாயும் பேசுங்கள்.

ஒருவரை அழைக்க விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதும் தரையைக் காலால் தட்டுவதும் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம் என்றே பள்ளி போகும்வரை நினைத்திருந்தேன். தோழி வீட்டில் விளக்கை அணைத்து வாங்கிக் கட்டிக்கொண்டதில் வந்த பெயர்தான் மேலே இருப்பது. அம்மா திட்டத் தொடங்கினால் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அதற்கு மேல் அவர் என்ன திட்டினாலும் எனக்கு வராது. அவர் என் மூக்கைப் பிடித்துக் கொண்டு காத்திருப்பார். எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

எல்லாம் தேனாக இல்லை. ஏழு வயதில் மருத்துவர் அறையில் பெரியவர்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அப்பாவின் நோய் என்னவென்று அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஆய்வில் ஆர்வமுள்ள இரட்டையரின் அப்பாவுக்கு: 1991இல் பெட்டிட்டோ, மேரண்டெட் என்ற இரு ஆய்வாளர்கள், சைகை மொழி பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதைப் பதிவு செய்தார்கள். ‘பப்பப்பா’ என்று வாய் உளறுவதைப் போலக் கை, பொருளில்லாமல், தாளத்தோடு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். என் தம்பிக்கும் கேட்காது. தொட்டிலில் படுத்து மேலே தூக்கிய கையை அப்படி ஆட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொசு விரட்டுகிறான் என்று நினைத்தேன்.

பேரனின் பாட்டி:

வாய் எதற்குப் பேசும் என்று கேட்கும் உறவினர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மருமகள் கற்றுக்கொடுத்த எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒருநாள் பேரனை என்னிடம் விட்டுப் போனார்கள். டப்பா மூடியோடு மல்லாடியவன் என்னைப் பார்த்து ஒரு கையின் மேல் மறு கையை வைத்துத் தூக்கினான். கைதட்டுகிறான் என்று நானும் தட்டினேன். மறுபடி தூக்கினான். நானும் மறுபடி தட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டப்பாவை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிட்டான். ‘உதவி’ என்பதாம் அது. மாலையில் மருமகள் வந்ததும் அதையும் இன்னும் ஐந்தையும் கற்றுக்கொண்டேன்.

மழைத்துளி:

நான்கு வயதுக்காரனின் அம்மாவுக்கு: மன்னித்துவிடுங்கள். மகளுக்குக் கை மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கிறேன், எழுதும்போதும் உறைக்கவில்லை. மேலே இருக்கும் பதிவை மாற்றாமல் விடுகிறேன், உங்கள் பதில் அதோடு சேர்ந்தே படிக்கப்பட வேண்டும்.

நீங்கள் எழுதியபடி அவள் கண் வரும்வரை காத்திருந்து காட்டிப் பார்த்தேன். இந்த வாரத்தில் மூன்று புதுச் சைகைகள்! ஆனால் ஒன்று புரியவில்லை. நேற்று இரவு மடியில் இருந்தவள் என் கன்னம் இரண்டையும் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேராக வைத்து மடக்கி மடக்கி விரித்தாள். பால் என்று கொண்டுபோனேன், தள்ளிவிட்டாள். மறுபடியும் அதே சைகை. அழவில்லை, பிடிவாதமாகச் செய்தாள்.

விளக்கை அணைப்பவள்:

அவளுக்கு நீங்கள் டாட்டா காட்டும்போது அவள் பார்ப்பது உங்கள் உள்ளங்கையை. குழந்தைகள் தாங்கள் பார்த்ததை அப்படியே செய்வார்கள். அதனால் உள்ளங்கை தங்களையே பார்க்கும்படி வைப்பார்கள். பாலாக இருக்க வேண்டியதில்லை. அப்போது யாராவது கிளம்பினார்களா?

மழைத்துளி:

யாரும் கிளம்பவில்லை. அறையில் நாங்கள் இருவர்தான். என் கையில் போன் இருந்தது, உங்கள் பதில்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

டாட்டா போனுக்கு.