ஜிம்னாஸ்டிக்ஸில் பழைய 10 மதிப்பெண் திரும்ப வர வேண்டுமா?

வைகைக்கரை:
ஒலிம்பிக்ஸ் வந்தால்தான் நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்ப்பேன். பாரிஸ் 2024 பெண்கள் ஃப்ளோர் (தரைப் பயிற்சி) இறுதியை அம்மாவோடு பார்த்தேன். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் எழும்பிய உயரத்துக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. அவருக்கு 14.133. பிரேசிலின் ரெபேக்கா ஆன்ட்ரடேவுக்கு 14.166, தங்கமும் அவருக்கே. "இவதானேப்பா நல்லா பண்ணினா?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1976 மாண்ட்ரியலில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி அன்றைய முழு மதிப்பெண்ணான 10 வாங்கியபோது, 10.00 காட்ட இடமில்லாமல் பலகையில் 1.00 என்று வந்தது. அப்படியும் உலகத்துக்கே புரிந்தது. அந்த 10 திரும்ப வேண்டும்.

பொன்னி:
அம்மாவுக்குச் சொல்லப் பதில் இருக்கிறது. மதிப்பெண்ணில் இரண்டு பங்கு. வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு டி. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு, 10இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருகிற ஈ. பைல்ஸின் டி 6.9, ஆன்ட்ரடேவின் டி 5.9. அதாவது முழுதாக ஒரு புள்ளி பைல்ஸ் முன்னால். ஆனால் இரண்டு முறை தரையிறங்கும்போது எல்லைக்கோட்டைத் தாண்டினார். அதற்கு மட்டும் 0.6 போனது. அடுத்த முறை உயரத்தை விட்டுவிட்டு, தரையைத் தொடும் அந்த நொடியில் பாதங்களைப் பாருங்கள். ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

வைகைக்கரை:
சரி, கோடு புரிகிறது. வெண்கலத்துக்கு என்ன சொல்வீர்கள்? ருமேனியாவின் அனா பார்போசு கொடியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ் தரப்பு முறையிட்டதில் டி 0.1 கூடி 13.766 ஆனது. பார்போசு 13.700. பலகையைப் பார்த்த அந்தப் பெண் கையிலிருந்த கொடி நழுவி விழுந்தது. அழுதபடியே வெளியே போனார். அப்புறம், முறையீட்டுக்கு இருந்த ஒரு நிமிடக் கெடு முடிந்து நான்கு நொடி ஆகிவிட்டது என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொல்ல, பதக்கம் பார்போசுவுக்குப் போனது. எல்லாம் தெரிந்தவர்களே இப்படித் தடுமாறினால் எங்களைப் போன்றவர்கள் எதை நம்பிப் பார்ப்பது?

பொன்னி:
அது கடிகாரத்தைச் சரியாகக் கவனிக்காத தவறு, முறையின் தவறு இல்லை. 10 இருந்த காலமும் சுத்தமாக இல்லை. 2004 ஏதென்ஸில், எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணும் சேரும் ஆண்கள் போட்டியில், கொரியாவின் யாங் டே-யங்குக்கு பேரலல் பார்ஸில் தொடக்க மதிப்பை, அதாவது அந்த வித்தைக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண்ணை, 10க்குப் பதில் 9.9 என்று போட்டார்கள். தங்கம் வாங்கிய பால் ஹாமுக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.049தான். யாங்குக்குக் கிடைத்தது வெண்கலம். அந்தக் கசப்புக்குப் பிறகுதான் 2006இல் புதிய முறை வந்தது.

அகர்தலா_ரசிகை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த விளையாட்டு என்றாலே தீபா கர்மாகர்தான். ரியோ 2016, சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு. வால்ட் என்கிற தாவல் பிரிவில், ப்ரொடுனோவா என்ற தாவல்: ஓடிவந்து மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் இரண்டு முன்குட்டிக்கரணம். இறங்கும்போது இடுப்பு மெத்தையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்துபோய், அங்கிருந்து எழுந்து நின்றார். மூச்சே விடாமல் பார்த்தேன். அந்த வால்ட்டின் டி 7.0. இரண்டு தாவல்களின் சராசரி 15.066, நான்காமிடம், 0.150இல் வெண்கலம் கைநழுவியது. எல்லாவற்றுக்கும் 10தான் உச்சம் என்றால், அப்படியொரு உயிரைப் பணயம் வைக்கும் தாவலுக்குத் தனி மதிப்பு எங்கிருந்து வரும்?

வைகைக்கரை:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தீபாவின் தாவல் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கடினத்துக்கே கூலி கொடுத்தால் ஆபத்தான வித்தைகளை நோக்கித்தானே எல்லாரும் ஓடுவார்கள்?

பொன்னி:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும். கண்மூடித்தனமாக யாரும் தாவ முடியாது. பாரிஸில் ஆன்ட்ரடே ஜெயித்ததே சுத்தமாகச் செய்ததால்தான். ஈ 8.266, பைல்ஸுக்கு 7.833.

வைகைக்கரை:
அப்படியென்றால் அதைத் திரையில் காட்டட்டும். டி இவ்வளவு, ஈ இவ்வளவு, கோடு தாண்டியதற்கு இவ்வளவு என்று தனித்தனியாக, பெரிதாக, அடுத்த வீராங்கனை மேடையேறும் முன் பத்து நொடியாவது நிற்கட்டும். 10 வேண்டும் என்கிற கோரிக்கையை நான் விடவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூன்று எண்களும் திரையில் நின்றிருந்தால் அம்மாவிடம் நானே விளக்கியிருப்பேன்.