சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதியா?

கேள்வி (பினாங்கு): சனி மீன ராசிக்குப் போகும் நாள், திருக்கணிதப் பஞ்சாங்கப்படி (இன்றைய வானியல் கணக்கு) 2025 மார்ச் 29, வாக்கியப் பஞ்சாங்கப்படி (பழைய வாய்பாட்டுக் கணக்கு) 2026. வானத்தில் சனி ஒன்றுதானே?

பதில் 1: வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம்தான். ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளில் அந்தத் தேதியை வைத்துப் பாருங்கள்: சனியின் தீர்க்கரேகை, அதாவது ராசி வட்டத்தில் அதன் இடம், சுமார் 354 பாகை 12 கலை (60 கலை ஒரு பாகை). நம் நட்சத்திர ராசிக் கணக்குக்கு மாற்ற, லாஹிரி அயனாம்சம் என்ற திருத்தமான 24 பாகை 12 கலையைக் கழித்தால் 330, மீனத்தின் வாசல். அந்தத் தேதிக்கான அளவுக்குப் பதில், 2000-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஜே2000 அளவை எடுத்துவிடாதீர்கள். 21 கலை குறையும், சனிக்கு அது மூன்று நாள்.

பதில் 2: அதற்காக வாக்கியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள் ஐயா. மனப்பாடத்துக்காகக் கட்டிய கணித வாய்பாடு அது. திருத்தாமல் விட்டதுதான் கோளாறு. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் ஆண்டு 365.25876 நாள், உண்மை நட்சத்திர ஆண்டு 365.25636. வருடத்துக்கு மூன்றரை நிமிடப் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

பதில் 3: பெயர்ச்சி பலன் தருமா என்பதற்குத் தொலைநோக்கி பதில் சொல்லாது, அது வேறு வழக்கு. சென்னைப் பஞ்சாங்கமென்றால் பினாங்கு நேரத்துக்கு மாற்ற, திதிக்கு இரண்டரை மணி நேரம் கூட்டுங்கள். ராகுகாலத்தைப் பினாங்குச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுங்கள்.