பஸ்ஸில் செல்லும் கார்டு நூலகத்தில் செல்லாக்காசு: வைக்கும்போதெல்லாம் வேறு எண் வருகிறது

நூலகமேசை:
எங்கள் உள்ளாட்சியில் பஸ் பாஸ், நூலக உறுப்பினர் அட்டை, நீச்சல்குள அனுமதி மூன்றையும் ஒரே ஸ்மார்ட் கார்டில் சேர்த்து ஓராண்டு ஆகிறது. சென்ற மாதத்திலிருந்து வழங்கப்படும் புதிய கார்டுகள்தான் தலைவலி. காலையில் ஒருவரை உறுப்பினராகப் பதிவு செய்கிறேன். மாலையில் அவர் புத்தகம் எடுக்க வந்து கார்டை வைத்தால், அப்படி ஒருவரே இல்லை என்கிறது திரை. சோதித்துப் பார்க்க ஒரே கார்டை ஐந்து முறை வைத்தேன். ஐந்து வெவ்வேறு எண்கள் வந்தன. பஸ்ஸில் அதே கார்டு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ரீடரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளை மறுபடி நிறுவினேன். போக்குவரத்துப் பிரிவு ரீடரைக் குறை சொல்கிறது, ரீடர் விற்றவர் கார்டைக் குறை சொல்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

பஸ்வாசல்:
பர்ஸோடு சேர்த்து வைக்கிறார்களா? உள்ளே வங்கி கார்டும் இருந்தால் ரீடர் ஒரு முறை இதைப் படிக்கும், மறுமுறை அதைப் படிக்கும்.

நூலகமேசை:
இல்லை. கார்டை மட்டும் தனியே எடுத்து நானே வைத்தேன்.

சாவிக்கொத்து:
பர்ஸாக இருந்தால் இரண்டு எண்கள்தானே மாறி மாறி வரும், ஐந்து வராது. எண்களை ஹெக்ஸ் வடிவில் (0 முதல் 9, A முதல் F வரையுள்ள குறிகளில்) பாருங்கள். எத்தனை இலக்கங்கள், முதல் இரண்டு இலக்கங்கள் என்ன? பழைய கார்டு ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

நூலகமேசை:
புதிய கார்டில் 8 இலக்கங்கள். ஐந்து எண்களும் 08 என்று தொடங்குகின்றன! பழைய கார்டில் 14 இலக்கங்கள், தொடக்கம் 04, எத்தனை முறை வைத்தாலும் மாறவில்லை.

சாவிக்கொத்து:
அப்படியானால் கார்டும் பழுதில்லை, ரீடரும் பழுதில்லை. தொடாமல் படிக்கும் கார்டுகளுக்கான ஐஎஸ்ஓ 14443 தரத்தில், நான்கு பைட் எண் (அதாவது எட்டு ஹெக்ஸ் இலக்கங்கள்) 08 என்று தொடங்கினால் அது அந்த நேரத்துக்கு மட்டும் உருவாக்கப்பட்ட தற்செயல் எண். உங்களுடையது மைஃபேர் டெஸ்ஃபயர் என்ற சிப் வகையாக இருக்கும். புதிய தொகுதியில் அந்த வசதியை இயக்கி அனுப்பியிருக்கிறார்கள். கார்டு வைத்திருப்பவர் எங்கெங்கே போகிறார் என்று நிலையான எண்ணைக் கொண்டு யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு முறை இயக்கிவிட்டால் அந்தக் கார்டில் திரும்ப அணைக்க முடியாது. ஆகவே அதை அணைத்துத் தரச் சொல்லி அலையாதீர்கள்.

பஸ் ரீடர் இந்த எண்ணை நம்பியிருக்கவில்லை. ரகசியச் சாவி (கடவுச்சொல் போன்ற ஓர் எண்) தன்னிடம் இருப்பதை நிரூபித்து, கார்டுக்குள் தனக்கென ஒதுக்கிய பகுதியைத் திறந்து, அங்கே இருக்கும் பயணச்சீட்டைப் படிக்கிறது. உங்கள் நூலக ரீடரோ கதவுக்கு வெளியே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தே இதுவரை புத்தகம் கொடுத்திருக்கிறது. சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்: அது முதல் நாளிலிருந்தே தவறு. அந்த எண் ரகசியமே அல்ல, யாரும் படிக்கலாம். விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளும் வெற்றுக் கார்டுகளும் கிடைக்கின்றன.

நூலகத்துக்கென்று கார்டில் தனிப் பகுதி இருக்கிறதா, அதற்கான படிக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

பஸ்வாசல்:
சாவியைக் கொடுத்தால் நூலகத்தில் இருப்பவர் என் பயண விவரங்களையும் பார்க்க முடியுமா?

சாவிக்கொத்து:
முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் சாவி வேறு. நூலகச் சாவியால் பஸ் பகுதி திறக்காது, பஸ் சாவியால் நூலகப் பகுதி திறக்காது.

உண்மையான வரிசை எண்ணும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, சாவியால் திறந்தபின் கேட்டால் கார்டு தரும். ஆனால் அதையே பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். கார்டு தொலைந்து மாற்றுக் கார்டு வாங்கும் நாளில் அதுவும் மாறிவிடும். உறுப்பினர் எண்ணைப் படியுங்கள். தொலைந்த கார்டுகளின் தடைப் பட்டியல் பஸ்களுக்கு மட்டும் போகிறதா, உங்களுக்கும் வருகிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். பல இடங்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நூலகமேசை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நூலகப் பகுதி முதல் நாளிலிருந்தே எல்லாக் கார்டுகளிலும் இருந்திருக்கிறது, உறுப்பினர் எண்ணோடு! ரீடரை அமைத்தவர் சுலப வழி என்று வெளி எண்ணைப் படிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது மேசை ரீடர்களில் படிக்கும் சாவியை ஏற்றியாயிற்று. புதிய கார்டுகள் எல்லாம் வேலை செய்கின்றன. பழைய உறுப்பினர்கள் அடுத்த முறை வரும்போது 04 எண்ணால் பதிவைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் உறுப்பினர் எண்ணை எழுதிக்கொள்கிறோம். தடைப் பட்டியல் எங்களுக்கு வரவே இல்லை; கேட்டிருக்கிறேன்.

நீச்சல்குள வாசலில் இருக்கும் ரீடரில் மட்டும் சாவி வைக்க இடமே இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும். அதுவரை கார்டின் பின்புறம் பார்கோடு ஒட்டித் தருகிறோம். ஈரக் கையில் அது எத்தனை நாள் ஒட்டியிருக்கும் என்று பார்க்க வேண்டும்.