நேற்று குறை, இன்று இயல்பு: மாறியது எது?

கோணல்கோடு:
இரண்டாம் வகுப்பில் நான் இடக்கையில் பென்சிலை எடுத்தால் ஆசிரியை அதைப் பிடுங்கி வலக்கையில் திணிப்பார். மறுபடியும் கை மாறினால் மரஸ்கேலின் விளிம்பு விரல் முட்டியில் விழும். இன்று என் மகள் இடக்கையால் எழுதுகிறாள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'இயல்பு' என்று தனியாக எதுவும் கிடையாது. அந்தந்தக் காலத்துக் கூட்டத்திற்குக் கண் பழகிப்போனது எதுவோ, அதற்கு வைத்த பெயர்தான் அது.

பழையபடி:
கேட்க நன்றாக இருக்கிறது. நாளைக்குக் கூட்டம் மனம் மாறி மறுபடி ஸ்கேலை எடுத்தால்? உங்கள் மகளை அடிப்பது தவறு என்று எந்த வாயால் சொல்வீர்கள்? உங்கள் கணக்குப்படி அன்றைக்கு அதுவும் இயல்பு! உங்களை அடித்தது அன்றும் தவறுதான். அன்று தெரியவில்லை, பிறகு தெரிந்துகொண்டார்கள்.

கோணல்கோடு:
தெரிந்துகொண்டார்களா? சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் ஆண்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-ல் அதே கேள்வி. இந்த முறை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் பெண்களைப் பற்றி அப்படி என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்?

சாம்பல்கிண்ணம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். விமானத்தில் புகைபிடிக்கத் தடை. ஆனாலும் கழிவறைக் கதவில் சாம்பல் கிண்ணம் இன்னும் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? யாராவது திருட்டுத்தனமாகப் பற்றவைத்துத் துண்டைக் காகிதக் குப்பையில் எறிந்துவிடக் கூடாதே என்று விதியே அதை வைக்கச் சொல்கிறது. நீங்கள் இருவரும் பேசுவதைப் பார்த்தால் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டதுபோல் இருக்கிறது.

கோணல்கோடு:
கிண்ணம் இருக்கட்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உறுப்பினர்களில் சிலர் எதிர்க்கவே, 1974-ல் வாக்கெடுப்பு நடந்தது. முடிவை ஆதரித்தவர்கள் 58 சதவீதம். ஒன்று நோயா இல்லையா என்பதை வாக்குச்சீட்டு தீர்மானிக்கிறது. நான் சொல்வதும் இதைத்தானே?

பழையபடி:
வாக்குச்சீட்டு கடைசியில் வந்தது. 1957-லேயே ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் தம் ஆய்வை வெளியிட்டுவிட்டார். ஒருபாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். அவர்களின் உளவியல் சோதனை முடிவுகளை, யாருடையது என்று சொல்லாமல், நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. இது தலையெண்ணிக்கை அல்லவே.

கோணல்கோடு:
சரி, சான்று முன்பே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் பதினாறு ஆண்டுகள் பட்டியல் அசையவில்லையே! 1970-லிருந்து சங்கத்தின் கூட்டங்களுக்குள் புகுந்து உரிமை கேட்டுக் கூச்சல் போட்டவர்கள்தான் அசைத்தார்கள். உங்கள் 'தெரிந்துகொள்ளுதல்' தானாக நடந்து வந்துவிடவில்லை.

பழையபடி:
கூச்சல் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே வைப்பதற்கு ஹூக்கரின் ஆய்வு இல்லாவிட்டால் அந்த 58 சதவீதம் கிடைத்திருக்குமா? இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. வேறொன்று கேட்கிறேன்: நீங்கள் இப்போது எந்தக் கையால் எழுதுகிறீர்கள்?

கோணல்கோடு:
வலக்கையால்தான். பல் துலக்குவது மட்டும் இடக்கையால். அதை அந்த ஆசிரியை பார்க்கவில்லை.