சிறிய டிராவல் டிரெய்லரை இழுக்க எந்த டிரக் எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. சிறிய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கக்கூடிய டிரெய்லர்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றினால் 1,600 கிலோ வரை வரும். இதற்கு ரேஞ்சர், டகோமா மாதிரி நடுத்தர பிக்கப் டிரக் போதுமா, இல்லை எஃப்-150 மாதிரி பெரிய டிரக்குக்குப் போக வேண்டுமா?

இழுவைத் திறன் பற்றிக் கவலை இல்லை. உறுத்துவது டிரக் தன் மேல் சுமக்கும் எடைதான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்கும் என்பதால் 240 கிலோ வரை அங்கேயே போய்விடும். அப்புறம் நாங்கள் நான்கு பேர், பின்னால் சைக்கிள்கள், ஜெனரேட்டர். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால், டிரக் எவ்வளவு எடை சுமக்கலாம் என்ற எண் ஒரே மாடலிலேயே வண்டிக்கு வண்டி மாறுகிறது. விளம்பரத்தில் போடும் எண்ணை நம்பி எடுக்க மனம் வரவில்லை.

நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் இறங்குவது எனக்கு ரொம்ப முக்கியம்; பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் உண்டு. அதை டிரக்கிலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் டிரக்கோடு வருவது நல்லதா, வெளியில் வாங்கிப் போடலாமா? பக்கக் காற்று அடிக்கும்போது நடுத்தர டிரக்கில் ஆட்டம் அதிகமாகத் தெரிகிறதா? இதே எடையை இழுப்பவர்கள் உங்கள் வண்டியின் ஸ்டிக்கர் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.