ஸ்குவிட் ப்ராக்ஸி: ஒரு புது யூசரைச் சேர்த்ததும் பழைய ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பாஸ்வேர்டு பெட்டி வருகிறது

டெஸ்க்28:
உபுண்டு 24.04, அதனுடன் வரும் ஸ்குவிட் 6 (எங்கள் நெட் எல்லாம் இந்த இடைநிலை சர்வர் வழியாகத்தான் போகும்). டீமில் 28 பேர், போர்ட் 3128, பேசிக் ஆதென்டிகேஷன், ஒரே பாஸ்வேர்டு ஃபைல். இன்று காலை 10 மணிக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு யூசர் போட்டேன். அவருக்கு உடனே நெட் வந்துவிட்டது. 10:20-க்கு ஒருவர் "பாஸ்வேர்டு கேட்கிறது, போட்டாலும் திரும்பக் கேட்கிறது" என்றார். பிறகு இன்னொருவர். 12 மணிக்குள் கிட்டத்தட்ட எல்லோரும். சரியான பாஸ்வேர்டைத்தான் அடிக்கிறார்கள். கான்ஃபிக் ஃபைலைத் தொடவில்லை, ரீஸ்டார்ட்டும் செய்யவில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் நாலு பேருக்கு மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆக்செஸ் லாக் முழுக்க டிசிபி_டினைட்/407 (லாகின் கேட்கும் பதில்). சிபியூ, மெமரி இரண்டும் சும்மாதான் இருக்கின்றன. எங்கே பார்ப்பது?

கம்பிவலை:
407-ஐ மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரவுசர் முதலில் யூசர் பெயர் இல்லாமல்தான் வரும். ஸ்குவிட் 407 சொல்லும், பிறகு பெயருடன் திரும்ப வரும். ஆகவே ஒரு 407, அடுத்த வரியில் டிசிபி_டனல்/200 (இணைப்பு திறந்தது) என்றால் ஆரோக்கியம். 407-க்கு மேல் 407 என்றால்தான் கோளாறு.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பாஸ்வேர்டு ஃபைலில் இப்போது எத்தனை வரி இருக்கிறது? யூசரைச் சேர்க்கும்போது ஹெச்டிபாஸ்வேர்டு கமாண்டில் என்னென்ன ஆப்ஷன் கொடுத்தீர்கள்? கான்ஃபிக்கில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று சொல்லும் ஹெச்டிடிபி_ஆக்செஸ் வரிகள் எந்த வரிசையில் இருக்கின்றன?

டெஸ்க்28:
ஃபைலில் ஒரே ஒரு வரி! புது ஆளின் பெயர் மட்டும். மைனஸ் சி போட்டுத்தான் சேர்த்தேன், ஆரம்பத்தில் செட்டப் செய்தபோது எழுதிவைத்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது.
வரிசை: சேஃப் போர்ட் அல்லாதவற்றுக்குத் தடை, எஸ்எஸ்எல் போர்ட் அல்லாதவற்றுக்கு கனெக்ட் (டனல் திறக்கும் கோரிக்கை) தடை, பிறகு 192.168.10.0/24 நெட்வொர்க்குக்கு அனுமதி, பிறகு லாகின் ஆனவர்களுக்கு அனுமதி, கடைசியில் எல்லோருக்கும் தடை.
ஆனால் 10 மணிக்கே ஃபைல் அழிந்திருந்தால் எல்லோருக்கும் 10 மணிக்கே நின்றிருக்க வேண்டாமா?

கம்பிவலை:
அங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். மைனஸ் சி என்றால் "புது ஃபைல் உருவாக்கு". ஏற்கெனவே ஃபைல் இருந்தால் "மேலே எழுதவா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிட்டு எழுதும். முதல் யூசருக்கு மட்டும்தான் அது. இரண்டாவது ஆளிலிருந்து மைனஸ் சி இல்லாமல்.

உடனே நிற்காததற்குக் காரணம் கிரெடென்ஷியல்ஸ்டிடிஎல் என்ற செட்டிங். ஒருமுறை சரிபார்த்த பெயரையும் பாஸ்வேர்டையும் ஸ்குவிட் தன் நினைவில் வைத்துக்கொள்ளும், டீஃபால்ட் 2 மணி நேரம். அது தீரும்வரை ஃபைலைத் திரும்பிப் பார்க்காது. 8:20-க்குச் சரிபார்க்கப்பட்டவர் 10:20-க்கு விழுந்தார், 9:50-க்குச் சரிபார்க்கப்பட்டவர் 11:50-க்கு. அதனால்தான் தொற்றுநோய் மாதிரி ஒவ்வொருவராக.

பேக்கப் இருந்தால் பழைய ஃபைலை எடுத்துப் போட்டு, புது ஆளை மைனஸ் சி இல்லாமல் சேருங்கள். இல்லையென்றால் 27 பேருக்கும் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை. ஸ்கிரிப்ட் எழுதிப் போடுவதானால் மைனஸ் பி வேண்டாம். பாஸ்வேர்டு கமாண்ட் ஹிஸ்டரியிலும் ப்ராசஸ் பட்டியலிலும் தெரியும். மைனஸ் ஐ போட்டால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

ஸ்குவிட்டை ரீலோட் செய்யத் தேவையில்லை. பாஸ்வேர்டு பார்க்கும் ஹெல்ப்பர், ஃபைல் மாறியிருந்தால் தானே திரும்பப் படித்துவிடும். ஆனால் புது ஃபைல் என்றால் ஓனர் ரூட், குரூப் ப்ராக்ஸி, பெர்மிஷன் 640. ஹெல்ப்பர் உபுண்டுவில் ப்ராக்ஸி என்ற யூசராக ஓடுகிறது. அதற்குப் படிக்க உரிமை இல்லாவிட்டால் ஹெல்ப்பரே விழுந்துவிடும், அப்போது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் போகும்.

பாக்கெட்_பண்டாரம்:
அக்கவுண்ட்ஸ்காரர்கள் தப்பித்த கதையை யாரும் சொல்லவில்லையே. அவர்கள் 192.168.10 தொடரில் இருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். உங்கள் வரிசையில் அந்த நெட்வொர்க்குக்கான அனுமதி லாகின் வரிக்கு மேலே இருக்கிறது. அதாவது அவர்களிடம் ஒருநாளும் பாஸ்வேர்டு கேட்கப்படவே இல்லை. லாக்கில் அவர்கள் வரிகளில் யூசர் பெயர் இடத்தில் வெறும் கோடு இருக்கும், பாருங்கள்.

இரண்டு வரியையும் ஒன்றாக்குங்கள். ஒரே ஹெச்டிடிபி_ஆக்செஸ் வரியில் நெட்வொர்க் பெயரையும் லாகின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று அர்த்தம். டீமின் மற்ற சப்நெட்களை அதே நெட்வொர்க் ஏசிஎல்லில் (விதியில் பெயர் சொல்லிப் பயன்படுத்தும் பட்டியல்) சேர்க்க மறக்காதீர்கள், ஏசிஎல்லுக்குள் இருப்பவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மாற்றிய பிறகு ஸ்குவிட் மைனஸ் கே பார்ஸ் ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீகான்ஃபிகர்.

இன்னொரு பொறி: குறிப்பிட்ட யூசர்களை மட்டும் தடுக்க ஒரு டினை வரி போட்டு, அது யூசர் ஏசிஎல்லில் முடிந்தால், ஸ்குவிட் தடைப் பக்கம் காட்டாமல் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். வரியின் கடைசியில் ஆல் என்று சேர்த்தால் நேராக 403 (அனுமதி இல்லை) வரும்.

டெஸ்க்28:
பந்தயம் உங்களுக்கே. நாலு பேருக்கும் லாக்கில் கோடுதான். ஃபைலைப் புதிதாகப் போட்டாயிற்று, பிரவுசரில் எல்லோருக்கும் வருகிறது. மிச்சம் மூன்று: ஒருவருக்கு டெர்மினலில் கர்ல் (முகவரியைத் திறக்கும் கமாண்ட்) மட்டும் போகவில்லை, அவர் பாஸ்வேர்டில் @ இருக்கிறது. இன்னொருவருக்கு கர்ல் போகிறது, சாஃப்ட்வேர் நிறுவும் சூடோ ஆப்ட் போகவில்லை. மூன்றாமவருக்கு கிட் புல் (கோடை இறக்கும் கமாண்ட்) தொங்குகிறது.

கம்பிவலை:
முதலாமவர்: ப்ராக்ஸி முகவரியில் பாஸ்வேர்டுக்குள் இருக்கும் @-ஐ %40 என்று எழுத வேண்டும், # இருந்தால் %23. எழுதாவிட்டால் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்று குழப்பம். சாதாரண ஹெச்டிடிபி தளங்களுக்கான ப்ராக்ஸி மாறியைச் சின்ன எழுத்தில் வையுங்கள், பெரிய எழுத்தில் இருப்பதை கர்ல் வேண்டுமென்றே படிக்காது.

இரண்டாமவர்: சூடோ போட்டால் யூசரின் என்விரான்மென்ட் மாறிகள் உதிர்ந்துவிடும். ஆப்ட்டின் கான்ஃபிக் ஃபோல்டரில் தனி ஃபைல் வைத்து அதில் ப்ராக்ஸியை எழுதுங்கள்.

மூன்றாமவர் எஸ்எஸ்ஹெச் முகவரியில் க்ளோன் செய்திருப்பார். கிட்டின் ப்ராக்ஸி செட்டிங் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் முகவரிகளுக்கு மட்டும்தான். எஸ்எஸ்ஹெச்சை ப்ராக்ஸி வழியாகத் திருப்பினாலும் போர்ட் 22-க்கு உங்கள் கனெக்ட் தடை 403 சொல்லும். ரிமோட்டை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். 22-ஐத் திறந்துவிடாதீர்கள்.

பாக்கெட்_பண்டாரம்:
ஆள் வேலையை விட்டுப் போகும்போதும் இதே 2 மணி நேரம் கடிக்கும். மைனஸ் டி (பெரிய எழுத்து) போட்டுப் பெயரை நீக்கினாலும் அவர் டிடிஎல் தீரும்வரை உலாவலாம். லோக்கல் ஃபைல்தானே, சரிபார்க்கச் செலவே இல்லை. 15 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

அந்த பேசிக் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பேஸ்64 வடிவில், அதாவது திறந்த அஞ்சலட்டை மாதிரிதான் போகிறது. மெயில் பாஸ்வேர்டையே இதற்கும் வைக்க யாரையும் விடாதீர்கள்.

டெஸ்க்28:
15 நிமிடம் ஆக்கிவிட்டேன். சோதனைக்கு ஒரு யூசரை நீக்கிப் பார்த்தேன், 20 நிமிடம் கழித்தும் அவருடைய வீடியோ கால் ஓடிக்கொண்டே இருந்தது?

பாக்கெட்_பண்டாரம்:
அது ஏற்கெனவே திறந்த டனல். கனெக்ட் வரும்போது ஒருமுறைதான் சரிபார்ப்பு, திறந்த பிறகு மூடும்வரை ஸ்குவிட் அதைத் தொடாது. புது டேப் திறந்து பாருங்கள், போகாது. உடனே அறுக்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான். திறந்திருக்கும் கனெக்ஷன்களுக்காக ஷட்டவுன்_லைஃப்டைம் டீஃபால்ட்டாக 30 விநாடி காத்திருக்கும், மற்ற 27 பேரின் காலும் சேர்ந்து அறுந்துபோகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்யுங்கள்.