ரிப்பீட்டரில் பேச்சுக்கு அடியில் டோன் ரீங்காரம் கேட்கிறது: எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழுவினர், வாகனத்தில் பொருத்தும் இரண்டு மொபைல் ரேடியோ கருவிகளைப் பின்புற டேட்டா சாக்கெட் வழியாக இணைத்து, 2 மீட்டர் அலைப்பட்டையில் மலைமேல் ஒரு ரிப்பீட்டர் (ஓர் அலைவரிசையில் வரும் பேச்சை வாங்கி இன்னொன்றில் மீண்டும் அனுப்பும் நிலையம்) அமைத்திருக்கிறோம். உள்வரும் அலைக்கு 100.0 ஹெர்ட்ஸ் டோனும், வெளிச்செல்லும் அலைக்கு 103.5 ஹெர்ட்ஸ் டோனும் (பேச்சுடன் சேர்ந்தே செல்லும் தாழ்ந்த அடையாள ஒலி) வைத்துள்ளோம். வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டால், பேசுபவரின் குரலுக்கு அடியில் ஒரு ரீங்காரம் நொடிக்கு மூன்று நான்கு முறை ஏறியும் இறங்கியும் ஒலிக்கிறது. கையடக்க ரேடியோவான கைக்கருவியில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் டோன் ஸ்குவெல்ச்சை (சரியான டோன் வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் வசதி) இயக்கினால் பேச்சு இடையிடையே அறுந்துபோகிறது. மழைக்காலத்துக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும். மலைமேல் ஏறும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
நொடிக்கு மூன்று நான்கு முறை என்று எண்ணிச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. இரு டோன்களுக்கும் இடையிலான வேறுபாடு 3.5 ஹெர்ட்ஸ். பயனரின் டோன் ரிப்பீட்டரிலேயே நீங்காமல், நீங்கள் புதிதாகச் சேர்க்கும் டோனுடன் கலந்து வெளியே போகிறது. இரண்டும் மோதுவதால் ஒலி ஏறி இறங்குகிறது, கைக்கருவியில் டோனை அடையாளம் காணும் டிகோடரும் தடுமாறுகிறது.

டேட்டா சாக்கெட்டின் 4ஆம் பின்னிலிருந்து ஒலியை எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 6 பின் மினி டின் சாக்கெட்டில் அது 9600 வெளியீடு (வேகமான டேட்டாவுக்கானது). அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து வடிகட்டாமல் வருவது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கும் வடிகட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதால், 67.0 முதல் 254.1 வரையுள்ள எந்த டோனும் அந்தப் பின்னில் அப்படியே இருக்கும். 5ஆம் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். அது வடிகட்டிய 1200 வெளியீடு (மெதுவான டேட்டாவுக்கானது). அப்போது அனுப்பும் கருவியின் மெனுவிலும் 1200 என்று மாற்ற மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், உயர் ஒலிகள் இரண்டு முறை தணிந்து, குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 100.0 என்ற தேர்வே எனக்குக் கவலை தருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் முழு அலை ரெக்டிஃபையர் விட்டுவைக்கும் மின் ஏற்ற இறக்கம் (ripple) சரியாக 100 ஹெர்ட்ஸில்தான் விழும். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் குறைந்தால் குற்றம் டோனில் இல்லை, கெபாசிட்டரிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது. முடிந்தால் டோனையே 88.5க்கு மாற்றிவிடுங்கள். 67.0 இன்னும் அமைதியாக இருக்கும் என்றாலும், டோன் தாழத் தாழ டிகோடர் அதை அடையாளம் காணக் கூடுதல் நேரம் எடுக்கும். பேச்சின் முதல் அசை வெட்டுப்படும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலியை 4ஆம் பின்னிலிருந்துதான் எடுத்திருந்தோம். 5க்கு மாற்றி மெனுவையும் திருத்தியதும் ஏற்ற இறக்கம் முழுவதும் நின்றது, பேச்சும் அறுபடுவதில்லை. பாட்டரியில் ஓட்டியபோது வேறுபாடு தெரியவில்லை. ஓர் உறுப்பினரின் கருவியில் மட்டும் சீரான மெல்லிய ரீங்காரமும், உரக்கப் பேசினால் கரகரப்பும் இன்னும் இருக்கின்றன.

மறுமொழி 1:
அந்தக் கருவி நேரோ (குறுகிய அலை அகல) அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ரிப்பீட்டர் 5 கிலோஹெர்ட்ஸ் டிவியேஷனில் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) இயங்கினால், 2.5க்கு அமைந்த ஏற்பி குரலையும் டோனையும் ஏறக்குறைய இரு மடங்கு உரக்கத் தரும்; அகன்ற அலையின் ஓரங்கள் வெட்டுப்படுவதால் கரகரப்பும் சேரும். வைடுக்கு மாற்றிய பிறகும் ரீங்காரம் நீடித்தால், ரிப்பீட்டரின் டோன் டிவியேஷனை அளந்து, 500 முதல் 750 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள்.